தெளிந்த நீரில் கரைந்து போகும் மணிச்சத்து: சான்று பெற்ற பிறகு கற்றவை

ஒஹையோ மாநிலத்தின் வடமேற்கில், டொலிடோ நகருக்குத் தெற்கே, உழவர்களுக்கு ஊட்டச்சத்து மேலாண்மைத் திட்டம் எழுதித் தரும் பணியில் இருக்கிறேன். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த என்.ஆர்.சி.எஸ். என்னும் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை, தன் ஊழியரல்லாத வல்லுநர்களுக்கும் சான்றளித்து இப்பணியில் ஈடுபடுத்துகிறது. 2002ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் வழியே வந்த இந்த ஏற்பாட்டில் சான்று பெற்றவர்களை டி.எஸ்.பி., அதாவது தொழில்நுட்பச் சேவை வழங்குநர், என்று அழைக்கிறார்கள். அந்தச் சான்றைப் பெறும் வழியை நண்பர்கள் சிலர் கேட்டிருந்ததால் என் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

2014 ஆகஸ்ட் மாதத்தில் ஈரி ஏரியில் பாசி பெருகி, டொலிடோவின் குடிநீரில் நஞ்சு கலந்தபோது நாங்கள் அந்த நகரில்தான் குடியிருந்தோம். நீரைக் கொதிக்க வைத்தால் நஞ்சு அழியாது, மாறாக இன்னும் அடர்த்தியாகிவிடும் என்று அறிவித்தார்கள். கைக்குழந்தைக்குப் பால் கலக்கக்கூடக் குழாய் நீரைத் தொட முடியாமல் ஏறத்தாழ மூன்று நாள் கழிந்தது. அந்தப் பாசிக்கு உணவான மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பெரும்பங்கு, ஈரி ஏரியில் கலக்கும் மாமீ ஆற்றுப் படுகையின் விளைநிலங்களிலிருந்து வருகிறது என்பதைப் பாடமாகப் படித்திருந்தேன். அந்த நிலங்களில் இறங்கி வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் உறுதிப்பட்டது.

வழிமுறை கடினமானதன்று, ஆனால் பொறுமை வேண்டும். நான் முதலில் அமெரிக்க உழவியல் சங்கம் நடத்தும் பயிர் ஆலோசகர் சான்றுக்கான இரு தேர்வுகளையும் எழுதினேன். அவற்றுள் ஒன்று பொதுவானது, மற்றொன்று நாம் பணிபுரியும் வட்டாரத்திற்கு உரியது. பிறகு என்.ஆர்.சி.எஸ்.ஸின் இணையவழிப் பயிற்சிகளை முடித்து, 590 என்ற எண்ணுள்ள ஊட்டச்சத்து மேலாண்மைத் தரநிலைக்கு விண்ணப்பித்தேன். எந்தப் பணிக்குச் சான்று பெறுகிறோமோ அந்தப் பணியை மட்டுமே செய்யலாம் என்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்காமல் நன்கு தெரிந்த ஒன்றில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

சான்று கைக்கு வந்த பிறகு நான் எழுதிய முதல் திட்டம், மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி விளையும் 80 ஏக்கர் நிலத்துக்கானது. பல ஆண்டுகளாக ஏர் படாத, உழவில்லாச் சாகுபடி நிலம் அது. வழக்கப்படி 8 அங்குல ஆழம் வரை மண் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினேன். மணிச்சத்து 38 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு மண்ணில் 38 பங்கு, என்று வந்தது. ஒஹையோ, இண்டியானா, மிச்சிகன் ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் பொதுவாக 2020இல் திருத்தி வெளியிட்ட உரப் பரிந்துரையில் இவ்விரு பயிர்களுக்கும் 20 முதல் 40 வரை போதுமான அளவு. எனவே பயிர் எடுக்கும் அளவை ஈடுசெய்யும் உரத்தை இலையுதிர் காலத்தில் மேலாகத் தூவலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

எழுபது வயதைக் கடந்த அந்த உழவர் தாளை முழுவதும் படித்தார். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு வரச் சொல்லி, நிலத்தடி வடிகால் குழாய் ஓடையில் திறக்கும் இடத்துக்கு என்னை அழைத்துப் போனார். முந்தைய நாள் பெய்த மழைநீர் அதன் வழியே கண்ணாடிபோல் தெளிவாக வழிந்துகொண்டிருந்தது. மண் கரையவில்லை என்பதால் மணிச்சத்தும் போகவில்லை என்று நினைத்துத்தானே இப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்றே மேல் 2 அங்குல மண்ணைத் தனியாக எடுத்து அனுப்பினேன். முதல் அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல் வந்தது. உழாத நிலத்தில் ஆண்டுதோறும் தூவிய உரம் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. சதுப்பு நிலத்தை வடித்து உருவாக்கிய இந்தக் களிமண் வயல்களில், வெடிப்புகளும் மண்புழுத் துளைகளும் மழைநீரை நேரே குழாய்க்குள் இறக்கிவிடுகின்றன. கரைந்த மணிச்சத்து அதனோடு போகிறது. திட்டத்தைத் திருத்தி, தூவுவதற்குப் பதிலாக விதைப்பின்போது விதை வரிசைக்கு அருகே மண்ணுக்குள் உரமிடுமாறும், அறுவடைக்குப் பின் மண்ணை மூடிக் காக்கும் மூடுபயிராக ரை (rye) என்னும் தானியத்தை விதைக்குமாறும் எழுதினேன். அந்தப் பெரியவர் என்னைவிட நன்றாக அந்த நிலத்தைப் படித்திருந்தார் என்பதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மறுமொழி, அயோவாவிலிருந்து

ஐயா, தங்கள் பகிர்வுக்கு நன்றி. மண் அரிப்பில் எனக்கும் இதே போன்ற அனுபவம் நேர்ந்தது. மண் அரிப்பைக் கணிக்கும் ரசில்-2 மென்பொருளில் கணக்கிட்டபோது ஒரு சரிவு நிலத்தின் மண் இழப்பு, தாங்கக்கூடிய அளவான ஆண்டுக்கு ஏக்கருக்கு 5 டன்னுக்குக் கீழேயே இருந்தது. நான் அந்த நிலத்தைப் பார்த்தது ஏப்ரலில். ஜூன் மாதப் பெருமழைக்குப் பின் மீண்டும் சென்றபோது, வயலின் நடுவே முழங்கால் ஆழத்துக்கு மழைநீர் ஒரு வாய்க்காலை அறுத்திருந்தது. ஆண்டுதோறும் விதைப்புக்கு முன் அதை மண் தள்ளி மூடிவிடுவதால் ஏப்ரலில் அது என் கண்ணில் படவில்லை. அந்த மென்பொருள், மேல்மண் பரவலாகக் கரையும் பரப்பு அரிப்பையும், மெல்லிய நீர்த்தடங்களில் நேரும் சிற்றோடை அரிப்பையும் மட்டுமே கணக்கிடுகிறது. இத்தகைய தற்காலிக வாய்க்கால் அதில் சேராது.

தீர்வு, நீர் ஓடும் தடத்தில் புல் வளர்த்து அரிப்பைத் தடுக்கும் புல்வழி நீரோடைதான் என்றாலும், உழுபவர் குத்தகைதாரர், நில உரிமையாளரோ வேறு மாநிலத்தில் வாழும் அம்மையார். புல்லுக்கு விடும் இடத்துக்கும் குத்தகை கொடுக்க வேண்டுமா என்று குத்தகைதாரர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பரப்பைக் குத்தகைக் கணக்கிலிருந்து நீக்க அம்மையார் ஒப்புக்கொண்ட பிறகே வேலை நகர்ந்தது. புதிதாக வருவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இத்தகைய பணிகளுக்கு என்.ஆர்.சி.எஸ். தரும் உதவித்தொகைக்கான ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் உழவர் வேலையைத் தொடங்கிவிட்டால், முன் அனுமதி பெற்றிருந்தாலன்றி அந்தத் தொகை கிடைக்காது. இதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி

மிக்க நன்றி, அம்மா. நானும் இனி ஒவ்வொரு நிலத்தையும் பெருமழைக்கு மறுநாள் ஒருமுறை நடந்து பார்த்த பிறகே திட்டத்தை முடிப்பதென்று வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பார்க்கவிருக்கும் பால்பண்ணை நிலத்தில் எரு இடும் காலம் பற்றியும் எழுதுகிறேன்.