பெல்ட் மாட்ட இடமில்லை, ஏறலாமா? (சிங்கப்பூர் சைட்)

கேள்வி: அண்ணன்மாரே, துவாஸில் சாரம் கட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மேல் தட்டில் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்ட இடமே இல்லை. சூப்பர்வைசர் "பார்த்து ஏறு" என்கிறார். விழுந்தால் யார் பொறுப்பு?

பதில்: தம்பி, ஏறாதே. 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருந்தால் பெர்மிட் (உன் ஒர்க் பெர்மிட் இல்லை, அந்த வேலைக்கென்று தரும் பாதுகாப்பு அனுமதி) இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. உயரத்தில் வேலை செய்வதற்கான 2013 விதி அது. கொக்கி மாட்ட உறுதியான இடம் அமைத்துத் தருவது கம்பெனியின் கடமை. அப்புறம், கொடுத்த பெல்ட்டை ஒழுங்காக மாட்டுவது உன் கடமை. அலட்சியமாக விட்டால் சட்டம் உன்னையும் கேட்கும். ஊரில் உன்னை நம்பி வீடு இருக்கிறது.

இன்னொருவர்: சேஃப்டி ஆபீசரிடம் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் மனிதவள அமைச்சு. அங்கே உதவி கேட்டதற்காக வேலையிலிருந்து நீக்கக் கூடாதென்று 2006 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே சொல்கிறது.

கேட்டவர்: சரி அண்ணே, காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கிலேயே (வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) கேட்கிறேன்.