காப்பிக் களத்துக்குப் பெரிய இலக்கக் காட்சி: எந்த இயக்கி ஐசி பொருந்தும்?

ஏற்காட்டுத் தோட்டம்:
ஏற்காட்டிலுள்ள எங்கள் காப்பித் தோட்டத்தில், உலர்கொட்டகையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் களத்தின் மறுகோடியில் நிற்பவரும் படிக்கும்படி, 4 அங்குல உயரமுள்ள நான்கு ஏழு-செக்மெண்ட் இலக்கங்களை இஎஸ்பி32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் (நிரல்படி இயங்கும் சிறு கணினி) பலகையுடன் இணைத்து வருகிறேன். அவை காமன் ஆனோடு வகை, அதாவது எல்லாச் செக்மெண்டுகளின் நேர்முனையும் ஒன்றாக இணைந்தவை. இலக்கங்களை இயக்கும் மேக்ஸ்7219 ஐசியை 5 வோல்ட்டில் இணைத்தால் ஒரு செக்மெண்டும் ஒளிர்வதில்லை. அதே ஐசி சிறிய காமன் கேத்தோடு (எதிர்முனைகள் ஒன்றாக இணைந்த) இலக்கங்களை நன்றாகவே இயக்குகிறது. ஐசியை மாற்ற வேண்டுமா, இணைப்பை மாற்றினால் போதுமா?

செவ்வாய்ப்பேட்டை:
ஐசியைத்தான் மாற்ற வேண்டும், ஐயா. மேக்ஸ்7219 காமன் கேத்தோடு இலக்கங்களுக்கென்றே உருவானது என்பது ஒருபுறமிருக்க, உண்மையான தடை மின்னழுத்தமே. இந்த அளவுள்ள சிவப்பு இலக்கங்களில் ஒரு செக்மெண்டுக்குள் பெரும்பாலும் நான்கு எல்இடிகள் தொடராக இருப்பதால் ஏறத்தாழ 8 வோல்ட் தேவைப்படும், 5.5 வோல்ட்டுக்குள் இயங்கும் ஐசியால் அதைத் தர இயலாது. 12 வோல்ட் அடாப்டரையும் 1 கிலோஓம் மின்தடையையும் கொண்டு ஒரு செக்மெண்டை ஒளிரச் செய்து, அதன் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். எந்த ஐசி என்பதை அந்த அளவுதான் தீர்மானிக்கும்.

நான் பரிந்துரைப்பது இலக்கத்துக்கு ஒன்றாக டிபிஐசி6பி595 என்ற ஐசி. அதன் எட்டு வெளியீடுகளும் 50 வோல்ட் வரை தாங்கி, மின்னோட்டத்தை உள்வாங்கும் வகையைச் சேர்ந்தவை. ஆகவே காமன் ஆனோடு இலக்கத்துக்கு நேரடியாகப் பொருந்தும். இலக்கங்களுக்கு 12 வோல்ட் கொடுத்து, ஒவ்வொரு செக்மெண்டுக்கும் 220 ஓம் மின்தடை வைத்தால் 18 மில்லிஆம்பியர் அளவில் ஓடும். தசமப்புள்ளியில் எல்இடிகள் குறைவாக இருக்கக்கூடும் என்பதால் அதைத் தனியே அளந்து கணக்கிடுங்கள்.

அஸ்தம்பட்டி:
மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 5 வோல்ட்டில் இயங்கும் டிபிஐசி6பி595, ஏறத்தாழ 4.25 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் உள்ளீட்டை 'உயர்' நிலையாக ஏற்பதாகத் தரவுத்தாள் உறுதியளிக்கிறது. இஎஸ்பி32 தருவதோ 3.3 வோல்ட். மேசையில் வேலை செய்துவிட்டுக் களத்தில் தடுமாறும் சுற்றுகளுக்கு இது முக்கியமான காரணம். இடையில் 5 வோல்ட்டில், 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும் ஒரு 74எச்சிடி125 ஐசியை வையுங்கள். அதன் நான்கு வழிகளும் டேட்டா, கிளாக், லாட்ச், வெளியீட்டு அனுமதி ஆகிய நான்கு சிக்னல்களுக்கும் சரியாகப் போதும். அனுமதி வழியின் உள்ளீட்டை 10 கிலோஓம் மூலம் 3.3 வோல்ட்டுடன் இணைத்துவிட்டால் வெளியீடுகள் அணைந்த நிலையிலேயே தொடங்கும், ஆகவே மின்சாரம் வந்தவுடன் பொருளற்ற எண்கள் தோன்றா. இரவில் பிடபிள்யூஎம் (மிக வேகமாக ஏற்றி அணைக்கும் முறை) கொண்டு ஒளியைக் குறைக்கவும் அதே வழி உதவும். 12 வோல்ட், 5 வோல்ட் ஆகிய இரு மின்வழங்கிகளின் கிரவுண்டையும் (எதிர்முனையையும்) ஒன்றாக இணைக்க மறவாதீர்கள்.

ஏற்காட்டுத் தோட்டம்:
அளந்து பார்த்தேன்: செக்மெண்டுக்கு 7.6 வோல்ட், தசமப்புள்ளிக்கு 3.8 வோல்ட். ஆகவே செக்மெண்டுகளுக்கு 220 ஓம், புள்ளிக்கு 470 ஓம் என முடிவு செய்திருக்கிறேன். இருவருக்கும் நன்றி.