விடெரோ நிறுவனம் ஏன் இன்னும் பழைய டேஷ் 8 விமானங்களைக் கைவிடவில்லை?

வான்நோக்கி (கேள்வி):
நார்வேயின் விடெரோ விமான நிறுவனம், எம்பிரேயர் ஈ190-ஈ2 ரக ஜெட் விமானத்தை உலகிலேயே முதன்முதலாகப் பயணிகள் சேவையில் ஈடுபடுத்தியது. 2018 ஏப்ரலில் அச்சேவை தொடங்கியது. ஆயினும் 114 இருக்கைகள் கொண்ட அந்த ஜெட்டுகள் மூன்றை மட்டுமே வைத்துக்கொண்டு, கடற்கரைச் சிற்றூர்களுக்கான பயணங்களை 39 இருக்கைகள் கொண்ட, தயாரிப்பே நின்றுபோன டேஷ் 8-100 ரகத்தைக் கொண்டுதான் நடத்திவருகிறது. இத்தனை வளம் படைத்த நாட்டில் இதற்குச் செலவுச் சிக்கனம்தான் காரணமா? நிறுவனத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கரையோரன்:
செலவும் ஒரு காரணம்தான் என்றாலும், முதற்காரணம் ஓடுபாதையின் நீளம். விக்கோ விடெரோவும் அவருடைய தோழர்களும் 1934 பிப்ரவரியில் தொடங்கிய இந்நிறுவனம், தொடக்கத்தில் வான்வழி ஒளிப்படம் எடுப்பது போன்ற பணிகளால் காலம் தள்ளியது; 1936-37இல் திமிங்கில வேட்டைத் தொழிலதிபர் லார்ஸ் கிறிஸ்டென்சனின் பயணக்குழுவுடன் சென்று அண்டார்டிகாவின் கரையைக்கூட விக்கோ படமெடுத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வட நார்வேயின் ஊர்களை இணைத்தவை நீரில் இறங்கும் சிறு விமானங்கள். சூரியனே தலைகாட்டாத வடக்கின் குளிர்காலத்தில் அவற்றை நம்பி ஆண்டு முழுவதும் சேவை நடத்த இயலாது என்பதால், ஏறத்தாழ 800 மீட்டர் ஓடுபாதை கொண்ட சிறு விமான நிலையங்களைக் கட்ட அரசு முடிவெடுத்தது. 1968 ஜூலையில் நாம்சோஸ், பிரென்னெய்சுண்ட், சாண்ட்னெஷோன், மோ இ ரானா ஆகிய நான்கும் திறக்கப்பட்டன. அங்கே ட்வின் ஆட்டர் என்னும் சிறு விமானம் பறந்தது. பின்னர் மேற்குக் கரை, லோஃபோடன், ஃபின்மார்க் என இவ்வலை விரிந்தது. 1981 முதல் நான்கு எஞ்சின்களும் 50 இருக்கைகளும் கொண்ட டேஷ் 7 வந்தது. 1993 முதல் டேஷ் 8-100 வந்து இரண்டின் இடத்தையும் பிடித்தது. மலைக்கும் கடலுக்கும் இடையே ஓடுபாதையை நீட்ட இடமில்லாத ஊர்கள் பல. எனவே அந்த நீளத்துக்குள் ஏறி இறங்கக்கூடிய விமானமே அங்கு செல்ல முடியும்.

நெடுவழி:
இதில் நான் சேர்க்க விரும்புவது, அந்தக் குறுகிய நிலையங்களுக்காகக் கொடுக்கப்பட்ட விலை. 1982இல் மேஹாம்ன் அருகே ட்வின் ஆட்டர் கடலில் விழுந்து 15 பேர் இறந்தனர்; 1988இல் டேஷ் 7 ஒன்று டோர்ஹட்டன் மலையில் மோதி 36 பேர் இறந்தனர்; 1993இல் நாம்சோஸ் அருகே மேலும் 6 பேர் மாண்டனர். 1990இல் வாரோய் தீவிலிருந்து புறப்பட்ட விமானம் கடுங்காற்றில் சிக்கி விழுந்து ஐவர் பலியானதும் அந்நிலையமே மூடப்பட்டது. இன்று அத்தீவுக்கு ஹெலிகாப்டர்தான் செல்கிறது. விமான அணியின் வரலாற்றைப் பேசும்போது இந்த உயிர்களை விட்டுவிடக் கூடாது என்று கருதுகிறேன். செயற்கைக்கோள் துணையுடன் விமானிக்கு இறங்கும் பாதையைத் துல்லியமாகக் காட்டும் கருவி 2007 முதல் இந்நிலையங்களில் நிறுவப்பட்டது, இவ்விபத்துகளின் பாடத்திலிருந்துதான்.

வான்நோக்கி:
இருவருக்கும் நன்றி. 78 இருக்கை டேஷ் 8-400 இவர்களிடமே இருக்கிறதே, அதை ஏன் அங்கு அனுப்பவில்லை?

கரையோரன்:
அதற்கு மேலும் நீண்ட ஓடுபாதை வேண்டும். 800 மீட்டர் போதாது. பல தடங்களில் அத்தனை பயணிகளும் இல்லை. 1997 முதல் இத்தடங்களை அரசு ஒப்பந்தப்புள்ளி கோரி மானியத்துடன் நடத்துகிறது. ஒப்பந்தமோ சில ஆண்டுகளுக்கே என்பதால், புது விமானத்தில் பெருமுதலீடு செய்ய எந்த நிறுவனமும் தயங்கும். குறுகிய ஓடுபாதைக்கென ஏடிஆர் என்னும் விமானத் தயாரிப்பு நிறுவனம் வடிவமைத்துவந்த 42-600எஸ் ரகம்தான் நல்ல மாற்றாகத் தோன்றியது. 2024இல் அத்திட்டமும் கைவிடப்பட்டது. விமானத் தயாரிப்பு நிறுவனமான டெக்னாம், எஞ்சின் தயாரிக்கும் ரோல்ஸ்-ராய்ஸ் ஆகியவற்றுடன் விடெரோ சேர்ந்திருந்த மின்சார விமானத் திட்டத்தை டெக்னாம் 2023இல் நிறுத்திவைத்தது. ஆகவே 80,000 முறை ஏறி இறங்குவதற்கென வரையறுக்கப்பட்ட டேஷ் 8-100இன் ஆயுளை 1,20,000 முறைக்கு நீட்டிக்கும் சீரமைப்பே இப்போதைக்கு வழி. 2024 ஜனவரியில் ‘நார்வேஜியன்’ என்ற பெயருடைய விமான நிறுவனம் விடெரோவை வாங்கிய பிறகும் இந்த நெருக்கடி மாறவில்லை. மோ இ ரானாவில் மட்டும் பெரிய ஜெட்டுகள் இறங்கத்தக்க புதிய விமான நிலையத்தைக் கட்டிவருகிறார்கள்.