17 வயதில் கொலை: வயதைப் பார்ப்பதா, செயலைப் பார்ப்பதா?

கரிசல்:
எங்கள் சித்தப்பா மகனைக் குத்தியவனுக்கு அன்றைக்கு வயது 17, பத்து மாதம். 2013 சித்திரையில் நடந்தது. அப்போதிருந்த 2000-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி சிறார்களுக்கான சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் 3 வருடம், அவ்வளவுதான். கூட வந்தவனுக்கு 19, அவனுக்கு ஆயுள். கத்தியைப் பிடித்தது சின்னவன்! கொலை என்றால் வயதே பார்க்கக் கூடாது.

வராண்டா:
உங்கள் வீட்டு இழப்புக்கு முன்னால் சட்டம் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த 3 வருடக் கணக்கு மாறிவிட்டது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைச் சம்பவத்துக்கு அப்புறம் வந்த 2015 சட்டப்படி, 16 முடிந்தவன் கொலை செய்தால் இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். அவன் மனநிலை, உடல்திறன், விளைவு புரிந்ததா, எந்தச் சூழல் என்றெல்லாம் பார்த்துவிட்டு, குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே பெரியவனைப் போல விசாரித்து ஆயுள்கூடக் கொடுக்கலாம். தூக்கும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுளும் மட்டும் கிடையாது.

கரிசல்:
‘அனுப்பலாம்’. அங்கேதான் இடிக்கிறது. குழுமம் என்றால் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். குத்தியபோது அவன் மனதில் என்ன இருந்தது என்று இவர்கள் அப்புறமாக உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அழுதுகாட்டினால் தப்பிவிடுவான்.

வராண்டா:
மாட்டிக்கொள்வதும் அப்படித்தான். நான் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது ஒரு பையனிடம் “குத்தினால் செத்துடுவான்னு தெரியுமா?” என்றார்கள். “தெரியும் சார்.” அடுத்த கேள்விக்கும் “தெரியும் சார்”. எத்தனாவது வரை படித்தாய் என்றதற்கும் அதேதான். அறிக்கையில் ‘விளைவை உணர்ந்திருந்தான்’ என்று ஏறிவிட்டது.

ஜூன்பிள்ளை:
குறுக்கே வருகிறேன். எனக்கும் அண்ணனுக்கும் வாத்தியார் போட்டதுதான் பிறந்த தேதி, இருவருக்கும் ஜூன். வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்று. அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால்தான் எலும்புச் சோதனை. இந்தக் காகிதத்தை நம்பியா 18 என்று கோடு போடுவது?

வராண்டா:
காகிதம் தப்பென்றால் காகிதத்தைச் சரிசெய்யுங்கள், கோட்டை ஏன் அழிக்கிறீர்கள்? பெரியவனாகத் தண்டித்தாலும் 21 வரை பாதுகாப்பு இல்லம்தான். திருந்தியிருக்கிறானா என்று பார்த்த பிறகுதான் சிறையா, விடுதலையா என்று முடிவு செய்வார்கள். 16 வயதில் இருந்த ஆளாகவேவா 21-லும் இருப்பான்?

கரிசல்:
அதை என் சித்தியிடம் வந்து சொல்லுங்கள். ஜூன்பிள்ளை, எங்கள் வழக்கிலும் ஜூன்தான். அவன் தையில் பிறந்தவன் என்று அவன் அம்மாவே தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்குப்படி அன்றைக்கு அவனுக்கு 18 தாண்டி மூன்று மாதம்.