குறைந்த செலவில் பயோ மீடியா: எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: ஏஞ்சல்தொட்டி

வணக்கம். என்னிடம் 200 லிட்டர் நன்னீர்த் தொட்டி ஒன்று உள்ளது. நான்கு ஏஞ்சல் மீன்களும் ஒரு டெட்ரா கூட்டமும் இருக்கின்றன. நான்கு தட்டுகள் கொண்ட கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) ஓடுகிறது. அதில் இரண்டு தட்டுகளில் பயோ மீடியாவாக, அதாவது நீரைச் சுத்தமாக்கும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் பொருளாக, செராமிக் ரிங் (சுட்ட மண் வளையம்) நிரப்பி, உறையில் அச்சிட்டிருந்தபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றை மொத்தமாக மாற்றி வந்தேன். சென்ற முறை மாற்றிய ஐந்தாம் நாள் காலையில் ஏஞ்சல்கள் அனைத்தும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சோதித்துப் பார்த்தபோது மீன்களுக்கு நஞ்சான நைட்ரைட் 1 பிபிஎம் (லிட்டருக்கு சுமார் ஒரு மில்லிகிராம்) காட்டியது. அன்றும் அடுத்த மூன்று நாட்களும் பாதித் தண்ணீரை மாற்றியதால் மீன்கள் பிழைத்தன. அப்படி ஒரு காலையை இன்னொரு முறை பார்க்கும் தெம்பு எனக்கில்லை.

இம்முறை சின்டர்டு கிளாஸ் மீடியா (கண்ணாடித் தூளைச் சூடாக்கி ஒட்டவைத்த, நுண்துளைகள் நிறைந்த பொருள்) வாங்கலாமா என்று யோசிக்கிறேன். ஒரு லிட்டர் மீடியாவுக்குள் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு இருப்பதாகப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். ஆனால் விலை செராமிக் ரிங்கைவிடப் பல மடங்கு. அந்தச் செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்குமா, அல்லது குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும் பொருள் வேறு உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பஞ்சுவடி

முதலில், மீடியாவை மொத்தமாக மாற்றும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அன்று நீங்கள் குப்பையில் போட்டது பழைய ரிங்கை மட்டுமல்ல, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டிருந்த பாக்டீரியாக்களின் பெரும்பகுதியையும்தான். அவை மெதுவாகப் பெருகுபவை. புதிய தொட்டி சைக்கிள் ஆவதற்கு, அதாவது இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகி நிலைபெறுவதற்கு, நான்கு முதல் ஆறு வாரம் பிடிப்பது அதனால்தான். செராமிக் ரிங் உடைந்து தூளானாலொழிய அதை மாற்றத் தேவையே இல்லை.

இனி பரப்பளவுக் கணக்கு. பெட்டியில் போடும் எண் பெரும்பாலும் மிக நுண்ணிய துளைகளின் உட்சுவரையெல்லாம் சேர்த்து அளந்தது. ஒரு பாக்டீரியாவின் அளவு சுமார் ஒரு மைக்ரான். அது தனியாக வாழ்வதுமில்லை, வழவழப்பான படலமாகப் படர்ந்து வாழ்கிறது. அந்தப் படலம் மூடிவிடும் அளவுக்குச் சிறிய துளையால் நமக்கு என்ன பயன்? இரண்டு ஆண்டுகள் ஓடிய செராமிக் ரிங் ஒன்றை நான் சுத்தியலால் உடைத்துப் பார்த்தேன். வெளிப்புறத்தில் மெல்லிய பழுப்புப் படலம் இருந்தது. நகத்தால் சுரண்டினால் வந்துவிட்டது. உடைந்த முகமோ புதிய சுண்ணக்கட்டியைப் போல வெள்ளையாக இருந்தது.

பரப்பைவிட முக்கியமானது ஆக்சிஜன். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறத்தாழ 4.5 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. 26 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனோ சுமார் 8 மில்லிகிராம்தான். ஆகவே நீரோட்டம் எந்தப் பரப்பைத் தொட்டுக்கொண்டு போகிறதோ, அந்தப் பரப்புதான் வேலை செய்யும். உட்துளைக்குள் ஆக்சிஜன் மெல்லக் கசிந்து போனால்தான் உண்டு.

இந்தக் காரணங்களால் என் பரிந்துரை சாதாரண ஃபில்டர் பஞ்சு. ஓர் அங்குலத்துக்கு 20 முதல் 30 துளைகள் உள்ள, 20 அல்லது 30 பிபிஐ என்று விற்கப்படும் முரட்டுப் பஞ்சைத் தட்டின் அளவுக்கு வெட்டி நிரப்புங்கள். நீர் அதன் ஒவ்வோர் இழையையும் உரசிக்கொண்டு போகும். சுத்தம் செய்யும்போது தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். குளோரின் கலந்த குழாய்நீரில் பிழிந்தால் பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். இப்படிப் பயன்படுத்தும் பஞ்சு பல ஆண்டுகள் உழைக்கும்.

பதில்: எரிமலைக்கல்

பஞ்சுவடி அவர்களின் கருத்தோடு பெரிதும் உடன்படுகிறேன். ஒரு திருத்தம் மட்டும். உட்புறம் வெள்ளையாக இருப்பதனால் அங்கே உயிரே இல்லை என்று முடிவுகட்ட இயலாது. ஆக்சிஜன் எட்டாத உட்பகுதியில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் வாழ இடமுண்டு என்பதுதான் விலை உயர்ந்த மீடியாக்களை ஆதரிப்பவர்களின் வாதம். கொள்கையளவில் அது சரியே. ஆனால் வீட்டுத் தொட்டியில் அதை நம்பி நீர் மாற்றுவதைக் குறைத்தவர்கள் ஏமாந்ததைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

நான் லாவா ராக் எனும் துளைகள் நிறைந்த எரிமலைக்கல்லைப் பயன்படுத்துகிறேன். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள கற்களைக் கலங்கல் நீங்கும்வரை அலசி, ஒரு கல்லின் மேல் வினிகர் சில துளிகள் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது; நீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும், வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார்ச்சுருளும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கம்பி கலந்ததையோ, சோப்பு அல்லது கிருமிநாசினி ஊறியதையோ தொடவே கூடாது.

கே1 என்ற சக்கர வடிவப் பிளாஸ்டிக் மீடியாவைப் பற்றியும் பலர் கேட்பார்கள். அதை நீரில் புரளவிட்டுப் பயன்படுத்தும் முறை 1980களின் இறுதியில் நார்வேயில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக உருவானது. காற்றின் விசையில் ஓயாமல் புரண்டுகொண்டிருப்பதே அதன் பலம். கேனிஸ்டர் தட்டில் அடைத்து வைத்தால் அந்தப் பலம் போய்விடும்.

மறுமொழி: ஏஞ்சல்தொட்டி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பஞ்சையே தேர்ந்தெடுக்கிறேன். ஒரு ஐயம்: இப்போதுள்ள ரிங்குகளை எப்போது வெளியே எடுப்பது?

பதில்: பஞ்சுவடி

இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம். நீர் முதலில் நுழையும் தட்டில் 20 பிபிஐ பஞ்சையும் அடுத்ததில் 30 பிபிஐ பஞ்சையும் வைத்து, ரிங்குகளைக் கடைசி இரண்டு தட்டுகளுக்கு மாற்றுங்கள். அழுக்கைப் பஞ்சு தடுத்துக்கொள்வதால் ரிங்குகள் அடைபடாமல் இருக்கும். ஆறு வாரம் கழிந்தபின் இடம் தேவைப்பட்டால் ஒரு தட்டை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு வாரம் நாள்தோறும் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால் மற்றதையும் எடுக்கலாம். சிறிதளவு தென்பட்டாலும் எடுத்ததைத் திரும்ப வைத்துவிடுங்கள். அதற்காக, எடுத்த ரிங்குகளைக் காயவிடாமல் ஒரு வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள்ளேயே நீரோட்டம் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். சின்டர்டு கிளாஸுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல திரவச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.