பெர்ஹாம்பூர் (மேற்கு வங்காளம்) தண்ணி: எங்க வீட்டு குரூப்ல பேசினது

நான்: அம்மா, ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சு. இங்க அடிபம்புத் தண்ணில கலந்திருக்குமோன்னு பயந்தோமே, அந்த ஆர்செனிக் விஷம், அது நார்மலாம், எங்க ரெண்டு பேருக்குமே

அம்மா: முருகா! வயித்துல பால வார்த்தே

அக்கா: ரத்தம் மட்டும்தானா? யூரின் எடுக்கலையா?

நான்: இல்லக்கா

அக்கா: அப்ப நிம்மதியா இருக்காதே. ரத்தத்துல இருந்து ஆர்செனிக் சில மணி நேரத்துலயே இறங்கிடும். நீ ஒண்ணரை வருஷமா அந்த அடிபம்புத் தண்ணிதான் குடிக்கிறே. யூரின்ல கடைசி ரெண்டு மூணு நாள் தெரியும். மாசக்கணக்குல பாக்கணும்னா முடி, நகம். கால் நகம் மெதுவா வளர்றதால அதுல பல மாசம் முந்தி குடிச்சதும் தெரியும்

சித்தப்பா: தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குன்னானே

அக்கா: ஆர்செனிக்குக்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது சித்தப்பா

அம்மா: கொதிக்க வெச்சுக் குடிங்கப்பா

அக்கா: ஐயோ வேண்டாம்மா! தண்ணிதான் ஆவியாகும், ஆர்செனிக் அப்படியே நிக்கும். சுண்டச் சுண்ட இன்னும் கூடும். சோறு வடிக்கவும் அந்தத் தண்ணி வேண்டாம்

நான்: சரி, நாளைக்கே யூரின் குடுத்துடறோம்

அக்கா: மீன் சாப்பிட்டியா?

நான்: நேத்து இறால். இங்க மீன் இல்லாம சாப்பாடே கிடையாதே

அக்கா: அப்ப நாலு நாள் கழிச்சுக் குடு. அதுவரை மீன், இறால், நண்டு எதுவும் வேண்டாம். அதுல இருக்கறது வேற வகை ஆர்செனிக், பெரிய கெடுதல் இல்ல. ஆனா மொத்த அளவை ஏத்திக் காட்டிடும். வகை பிரிச்சுப் பாக்கற டெஸ்ட் இருக்கான்னு கேளு. யூரின் எவ்வளவு நீர்த்திருக்குன்னு தெரிய கிரியேட்டினினும் சேத்து எடுக்கச் சொல்லு

நான்: அக்கா, ஹவுஸ் ஓனரோட அம்மாவுக்கு உள்ளங்கை பூரா மரு மாதிரி கெட்டியா புள்ளி. மாருல புழுதில மழைத்துளி விழுந்த மாதிரி கறுப்பும் வெளுப்புமா இருக்கு. குஷ்டம்னு பக்கத்து வீட்ல யாரும் கிட்டயே வர்றதில்ல

அக்கா: அது தொத்தாதுடா! வருஷக்கணக்கா அந்தத் தண்ணி குடிச்சவங்களுக்கு வர்றது. 1983ல கல்கத்தால கே.சி. சாஹாங்கிற தோல் டாக்டர் இந்த மாதிரி தோலைப் பாத்துத்தான் வங்காளத்துல இதைக் கண்டுபிடிச்சார். தண்ணிய மாத்தினா யூரின்ல அளவு குறைஞ்சிடும், கையில இருக்கற புள்ளி லேசுல போகாது. அதனால ரிப்போர்ட் நார்மல்னு வந்தாலும் விட்டுடாதே, தோல் டாக்டர்கிட்ட காட்டணும். ஏதாவது புள்ளி புண்ணாகி ஆறாம இருந்தா உடனே போகணும், புத்து நோயா மாறலாம்

அம்மா: பாவம் அந்தம்மா. நீயே கூட்டிட்டுப் போப்பா. பாப்பாவுக்கு என்ன தண்ணி?

நான்: இன்னிலேர்ந்து கேன் தண்ணிம்மா

அக்கா: பாப்பாவுக்கும் யூரின் பாரு. பம்புத் தண்ணியையும் டெஸ்ட்டுக்குக் குடு. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தாண்டினா தெருவுல எல்லாருக்கும் சொல்லிடு

நான்: ஹவுஸ் ஓனர் வீட்டுப் பாட்டிகிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை போறோம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் விடவே இல்லக்கா