திருகோணமலையில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு: வைன் போத்தல்களை வீட்டில் எப்படி வைத்திருப்பது

கேள்வி: வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து சீனக்குடாவுக்கு வேலை மாற்றலாகி வந்திருக்கிறேன். உவர்மலையில் ஒரு வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு எடுத்துள்ளேன். நண்பர்கள் கொடுத்ததும் நானே வாங்கியதுமாகப் பத்துப் பதினைந்து வைன் பாட்டில்கள் சேர்ந்துவிட்டன. சிலவற்றை இரண்டு மூன்று வருடங்கள் வைத்திருந்து குடிக்க ஆசை. ஹாலில் ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் படுக்க வைத்தால் போதுமா, அண்ணா?

பதில்: போதாது, தம்பி. படுக்க வைக்கும் பேச்சைப் பிறகு பார்ப்போம். இந்த ஊரில் வைனுக்கு முதல் எதிரி வெக்கை. நீண்ட காலம் வைத்திருப்பதற்கு ஏற்ற வெப்பநிலை 12 அல்லது 13 பாகை செல்சியஸ் என்பார்கள். 10க்கும் 15க்கும் இடையில் ஒரே சீராக நின்றாலும் குறை சொல்ல முடியாது. திருகோணமலையிலோ மே முதல் ஓகஸ்ட் வரை பகலில் 33, 34 பாகை என்பது சாதாரணம். தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் அதற்கும் மேலே போகும். விடியற்காலையில்கூட 25க்குக் கீழே இறங்குவது அரிது. அதிலும் நீங்கள் இருப்பது மாடியில். பகல் முழுவதும் வெயில் குடித்த கொங்கிரீட் தட்டு, இரவு பத்து மணிக்கும் அந்தச் சூட்டை உங்கள் அறைக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்.

சூடேறும்போது வைன் விரிந்து தக்கையை வெளியே தள்ளும். குளிரும்போது சுருங்கி, தக்கையின் ஓரத்தால் சிறிது காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது நாள்தோறும் நடந்தால், சில மாதங்களில் சிவப்பு வைன் வேகவைத்த பழப்பாகு போலச் சுவைக்கத் தொடங்கும், விளிம்பில் பழுப்பு நிறம் தட்டும். வெள்ளை வைன் கடும் மஞ்சளாகி, வெட்டி வைத்த அப்பிள் துண்டின் வாடை வீசும். குடித்தால் உடம்புக்குத் தீங்கில்லை; கொடுத்த காசுக்குத்தான் தீங்கு.

ஆகவே கண்ணாடி அலமாரி வேண்டவே வேண்டாம். வெளிச்சமும் வைனின் மணத்தைக் கெடுக்கும். பச்சை, பழுப்பு நிறப் போத்தல்கள் ஓரளவு தாங்கும், இளஞ்சிவப்பான ரோஸே வைன் வரும் நிறமற்ற கண்ணாடிப் போத்தல்கள் தாங்கமாட்டா. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: கீழே வீட்டுக்காரர் குடும்பம் இருந்து, அவர்கள் கோயில் குளம் என்று இருப்பவர்களானால், வரவேற்பறையில் மதுப் போத்தல்களை அடுக்கி வைப்பது வாடகை ஒப்பந்தத்துக்கு நல்லதல்ல. பிரிட்ஜின் தலைமேல் வைப்பதும் பலருக்கு வழக்கம். வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். சூடும் அங்கேதான் ஏறும், அதிர்வும் ஓயாது.

இரண்டு மூன்று மாதங்களுக்குள் குடித்துவிடப் போகிறீர்கள் என்றால் செலவில்லாத வழி ஒன்று உண்டு. இரவில் ஏசி ஓடும் படுக்கையறையில், மேற்கு வெயில் படாத சுவரோரமாகத் தரையில், மூடியுள்ள றெஜிபோம் (உங்கள் ஊரில் தெர்மோகோல்) பெட்டி ஒன்றை வைத்து, போத்தல்களை அதற்குள் நெருக்கமாக அடுக்குங்கள். ஏசி இரவில் 24க்கு இறங்கிப் பகலில் அறை 32க்கு ஏறினாலும், தடித்த றெஜிபோமுக்குள் அந்த ஏற்ற இறக்கம் மிகவும் தணிந்துதான் நடக்கும். மீன் வியாபாரிகளிடம் பழைய பெட்டிகள் கிடைக்கும். ஆனால் எத்தனை தரம் கழுவினாலும் மீன் வாடை முற்றாகப் போகாது என்பதால் புதிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். ஈரச்சாக்குப் போர்த்தும் பழைய முறையைச் சிலர் சொல்வார்கள். காய்ந்த கச்சான் காற்றில் அது சில பாகை குறைக்கும்தான். ஆனால் அந்தச் சில பாகைக்காக வேளைக்கு வேளை தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பது வீண் வேலை, காற்றில் ஈரம் கூடும் மாரியிலோ அதுவும் பலிக்காது.

வீட்டுப் பிரிட்ஜில் வைக்கலாமா என்றால், சில வாரங்களுக்குத் தாராளமாக வைக்கலாம். 4 பாகைக் குளிர் வைனைக் கெடுக்காது. ஆனால் பிரிட்ஜுக்குள் காற்று மிகவும் உலர்ந்தது. மாதக்கணக்கில் வைத்தால் தக்கை காய்ந்து சுருங்கி, காற்றுக்கு வழிவிடும். போத்தலைப் படுக்க வைப்பதும் இதற்காகத்தான், வைன் தக்கையை நனைத்துக்கொண்டே இருக்கட்டும் என்று. கடற்கரை ஊரான இங்கே, வெளியில் வைத்த தக்கை அத்தனை விரைவில் காய்வதில்லை. திருகுமூடிப் போத்தலை நிற்க வைத்தாலும் படுக்க வைத்தாலும் ஒன்றே. நுரைக்கும் வைனும் நின்றபடியே இருக்கலாம், அதன் போத்தலுக்குள் இருக்கும் ஈரமே தக்கைக்குப் போதும்.

இரண்டு மூன்று வருடங்கள் என்று உண்மையாகவே நினைத்திருந்தால், வைனுக்கென்றே செய்த குளிர்ப்பெட்டி ஒன்று இல்லாமல் முடியாது. அதிலும் கவனம் வேண்டும். கொம்பிரெசர் இல்லாமல் சிறு விசிறி மட்டும் சுழலும் மலிவான வகையை, சத்தமில்லை, அதிர்வில்லை என்று புகழ்ந்து விற்பார்கள். அது அறையின் வெப்பத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகைதான் குறைக்கும். 33 பாகை அறையில் அது இரவும் பகலும் ஓடியும் 18க்கு மேலேதான் நிற்கும். குளிர்நாடுகளுக்கு ஏற்ற பொருள் அது. இங்கே கொம்பிரெசர் உள்ளதையே வாங்குங்கள். பின்புறத்தைச் சுவரிலிருந்து சற்று விலக்கி, உப்புக்காற்று நேரே அடிக்கும் யன்னலோரத்தைத் தவிர்த்து வையுங்கள், இல்லையேல் பின்பக்கக் குழாய்கள் துருப்பிடிக்கும். அவ்வளவு செலவழிக்க மனமில்லாவிட்டால், நல்ல நிலையில் உள்ள பழைய பிரிட்ஜ் ஒன்றை வாங்கி, வெளியே பொருத்தும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியை அதனுடன் இணைத்து 13 பாகையில் நிறுத்தலாம். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளுக்கு விற்கும் கருவிகளில் குளிரூட்டலுக்கும் பயன்படும் வகை உண்டு; கேட்டு வாங்கி, மின்னியலாளரைக் கொண்டே பொருத்துங்கள்.

மின்வெட்டை நினைத்து அஞ்சவேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்ற நாட்களையும் இந்நாடு கண்டது. அப்படியான நாளிலும், போத்தல்கள் நிறைந்த பெட்டியைத் திறக்காமல் விட்டால் உள்ளே வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். பாதி காலியாக இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி வையுங்கள்.

இத்தனையும் செய்வதற்கு முன், வாங்கும்போதே பார்க்கவேண்டியவை சில உண்டு. கடைக்கு வருமுன் அந்தப் போத்தல் வெயிலில் வெந்திருந்தால், உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டி அதை மீட்காது. கழுத்தை மூடியிருக்கும் தகட்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள்: பிசுபிசுப்பு இருந்தாலோ, தக்கை விளிம்புக்கு மேலே எழும்பியிருந்தாலோ, பக்கத்துப் போத்தலைவிட வைன் மட்டம் குறைந்திருந்தாலோ திருப்பி வைத்துவிடுங்கள். யன்னலோரத் தட்டில் நின்றதை எடுக்காதீர்கள். நான்கைந்து வருடம் பழையதென்று விலை குறைத்து விற்கும் சாதாரண வெள்ளை வைனும் வேண்டாம். பெரும்பாலான மலிவு வைன்கள் வாங்கிய ஓரிரு வருடத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுபவை. போயா எனப்படும் பௌர்ணமி நாட்களில் மதுக்கடைகள் மூடியிருக்கும் என்பதற்காக ஒரு பெட்டி வாங்கிக் குவிக்கவும் தேவையில்லை, முதல்நாள் ஒரு போத்தல் வாங்கினால் காரியம் முடிந்தது. கொழும்பிலிருந்து கொண்டுவருவதானால் இரவுப் பயணத்தில், காலடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். 260 கிலோமீற்றரை நண்பகலில் காரின் டிக்கிக்குள் கடந்த வைனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கேள்வி: மிக்க நன்றி, அண்ணா. இந்த வெயிலைத் தாங்கும் வைன் என்று ஏதாவது உண்டா? திறந்த பாட்டிலை எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: உண்டு. போர்த்துக்கலின் மதேரா தீவில் வரும் மதேரா வைனைச் செய்யும்போதே, பெரும்பாலும் 45 முதல் 50 பாகை வரையான சூட்டில் மூன்று மாதமாவது வைத்திருப்பார்கள். ஏற்கெனவே வெந்து வந்த வைனுக்கு எங்கள் ஊர் வெக்கை ஒரு பொருட்டல்ல. விமான நிலையத்தில் கண்டால் யோசிக்காமல் வாங்குங்கள். திறந்த பிறகும் மாதக்கணக்கில் கிடக்கும். பிராந்தி சேர்த்துச் செய்யும் இனிப்பான போர்ட் வைன், திறந்தபின் பிரிட்ஜில் சில வாரம் நிற்கும். சாதாரண வைனைச் சிவப்போ வெள்ளையோ, மூடி இறுக்கிப் பிரிட்ஜில் நிற்க வைத்தால் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். பாதிக்குமேல் குடித்திருந்தால் மிச்சத்தைச் சிறிய போத்தலுக்கு விளிம்புவரை மாற்றிவிடுங்கள், காற்றுக்கு இடமிருக்காது. சிவப்பு வைனை அறை வெப்பத்தில்தான் குடிக்கவேண்டும் என்று யாராவது சொன்னால், அது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளுக்கான கணக்கு. இங்கே குடிப்பதற்கு அரை மணித்தியாலம் முன் அதையும் பிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

மாரி தொடங்கினால், ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, வெளியே வைத்த போத்தல்களின் லேபலில் பூஞ்சணம் பிடிக்கும். வைனுக்கு அதனால் ஒன்றுமில்லை. யாருக்காவது பரிசாகக் கொடுக்க எண்ணியிருப்பதை மட்டும் சமையல் பிளாஸ்ரிக் தாளால் ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள்.